கத்தரி வைக்க முடியாத படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் தமிழின் சிறந்த நகைச்சுவைப் படங்கள் என்று முப்பது படங்களைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். 1960களில் தொடங்கி 2010கள் வரை, பத்தாண்டுக்கு ஐந்து வீதம். பேத்தி வாசித்துக் காட்டினாள், நான் எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பதில் பதினொன்றை நான் நகைச்சுவைப் படம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். அவை நகைச்சுவை உள்ள படங்கள். இரண்டும் ஒன்றில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், மன்னிக்கவும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டை பக்கம். 1969-ல், பதினாறு வயதில், ஒரு டூரிங் டாக்கீஸில் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு லைசென்ஸ் எடுத்து ஆபரேட்டர் ஆனேன். 1978-ல் டவுன் தியேட்டருக்கு வந்தேன். 2012-ல் படம் ஓட்டும் கேபினுக்குள் டிஜிட்டல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிலிமுக்கு வேலை போனது, அதோடு எனக்கும். நாற்பத்து மூன்று வருடம் படம் காட்டியிருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஆபரேட்டர் படத்தை முழுசாகப் பார்க்க முடியாது. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து தேயத் தேய நெருக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை மங்கும், கீழே இருந்து சத்தம் வரும். அடுத்த ரீலை மாட்ட வேண்டும், ஓடி முடிந்ததைச் சுற்ற வேண்டும். ஆனால் ஜனங்களின் சத்தம் மட்டும் சுவரில் இருக்கும் அந்தச் சின்னச் சதுர ஓட்டை வழியாக வந்துகொண்டே இருக்கும். எனக்குப் படங்கள் தெரிந்தது அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

டூரிங் டாக்கீஸில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, மறுபடியும் அணைக்க வேண்டும். அதனால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. சோகப் படத்தில் விளக்குப் போட்டால் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறுக்கு வாங்கக் கிளம்புவார்கள். சிரிப்புப் படத்தில் விளக்குப் போட்டால் எவரும் எழுந்திருக்க மாட்டார்கள். இப்போது பார்த்ததைத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர் ஒன்று இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் சுவருக்கு மேலே எட்டிப் பேசிக்கொள்வார்கள்.

இனி கத்தரி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளி நல்லவர், ஆனால் ஜெனரேட்டர் டீசல் செலவைக் கண்டால் அவருக்குக் காய்ச்சல் வரும். இரண்டாம் ஆட்டம் நீளமாகப் போனால் கூப்பிட்டு, "தம்பி, நாளைக்கு ஒரு கால் மணி நேரம் குறைச்சிரு" என்பார். எதைக் குறைப்பது என்பது என் பொறுப்பு. பிலிம் ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். கால் மணி நேரம் என்றால் 1350 அடி. முதலில் பாட்டில் கை வைப்பேன். அதுவும் போதாவிட்டால் சிரிப்புப் பகுதியில்.

பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலை இல்லை இது. படம் எடுத்தவர் பார்த்திருந்தால் என்னை அடித்திருப்பார். ஆனால் அந்தப் பாவத்தில்தான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். சில படங்களில் சிரிப்பு வரும் இடங்களை முழுக்க எடுத்துவிட்டாலும் கதை நகம் கூடக் கீறாமல் அப்படியே ஓடும். கதாநாயகனும் கதாநாயகியும் அழுதுகொண்டிருப்பார்கள், நடுவே சிரிப்பு நடிகர் வந்து போவார். அவர் வராவிட்டாலும் அவர்கள் அழுவதை நிறுத்தப்போவதில்லை. வேறு சில படங்களில் முந்நூறு அடி வெட்ட இடம் தேடி, ரீவைண்டிங் பெஞ்சில் பாதி ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். எங்கே வெட்டினாலும் ரத்தம் வரும். இந்த இரண்டாம் வகைதான் நகைச்சுவைப் படம்.

உதாரணம் சொல்கிறேன். 1972-ல் வந்த 'காசேதான் கடவுளடா'. சித்ராலயா கோபு இயக்கி ஏவி.எம். எடுத்தது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஆளும் சித்தி மனோரமா. சாமியார் என்றால் அவர் காலில் விழுந்துவிடுவார். பையன்கள் டீக்கடை அப்பாசாமிக்குக் காவி கட்டிச் சாமியாராக வீட்டுக்குள் அனுப்பிப் பணத்தை அடிக்கப் பார்க்கிறார்கள். அப்பாசாமியாகத் தேங்காய் சீனிவாசன். எங்கள் டூரிங்குக்கு இது ஒன்றிரண்டு வருடம் கழித்து வந்தது. முதலாளி வழக்கம்போலக் குறைக்கச் சொன்னார். நான் யோசித்து யோசித்து, பேச்சு அதிகமாக இருக்கிறதே என்று அப்பாசாமியைச் சாமியாராகச் சம்மதிக்க வைக்கும் இடத்தில் ஒரு முந்நூறு அடியை எடுத்தேன். மூன்று நிமிடம் இருபது விநாடி. அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி தரை டிக்கெட்டில் பாதிப் பேர், டீக்கடைக்காரர் ஒருவர், சாமியார் வேறொருவர் என்று நினைத்துவிட்டார்கள். "அந்த டீக்கடைக்காரன் எங்கே போனான்?" என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சாமியார் வாய் தவறி மெட்ராஸ் பாஷை பேசும் இடத்தில் இடிந்து விழ வேண்டிய கொட்டகை, பூனை நடந்த மாதிரி இருந்தது. மறுநாள் வெட்டியதை எடுத்து ஒட்டினேன். முதலாளியிடம் டீசல் காசை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பிடிக்கவில்லை. அவரும் அன்று கொட்டகையில்தான் இருந்தார்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் பார்த்தால் முதல் குறை, அது இருபது வருடம் பிந்தி ஆரம்பிக்கிறது. 1941-ல் வந்த 'சபாபதி' எங்கே? பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் எடுத்தது. படிப்பு ஏறாத பணக்காரப் பையன் சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரன். அவனுடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி, அது காளி என். ரத்தினம். எஜமான் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே செய்துவைக்கும் வேலைக்காரன். ராமச்சந்திரனின் அந்த முட்டைக்கண் ஒன்றே போதும், வசனம் வேண்டியதில்லை. தமிழ் வாத்தியாராகச் சாரங்கபாணி. இதை நான் ஓட்டியதில்லை. தூர்தர்ஷனில் பக்கத்து வீட்டு டிவியில்தான் பார்த்தேன். அதில் வில்லன் இல்லை, கொலை இல்லை, குடும்பம் பிரிந்து சேர்வது இல்லை. இரண்டு அசடுகளை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படம். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். படம் என்றாலே புராணமும் பாட்டும் என்று இருந்த நேரம்.

அப்படியே போயிருந்தால் நம்மிடம் இன்னும் நிறைய முழு நகைச்சுவைப் படங்கள் இருந்திருக்கும். ஆனால் நடுவில் என்.எஸ். கிருஷ்ணன் என்ற ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் சொல்கிறேன். அவரும் மனைவி மதுரமும் தங்கள் குழுவை வைத்துக்கொண்டு சிரிப்புப் பகுதியைத் தனியாகவே தயாரித்துக் கொடுப்பார்கள், அது படத்தோடு சேர்ந்துகொள்ளும். அவ்வளவு நன்றாக இருந்ததால் அதுவே வழக்கமாகிவிட்டது. படம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். 1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் அவரே கதையின் நடுவில் நின்றார். அந்த மாதிரி இன்னும் பத்துப் படம் செய்திருக்கலாம். 1957-லேயே போய்விட்டார், ஐம்பது கூட நிரம்பவில்லை.

அந்தத் தனிப் பகுதி வழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதற்கு ஸ்ரீதர் சாட்சி. 1959-ல் அவர் இயக்கிய முதல் படம் 'கல்யாண பரிசு'. படம் முழுக்க அழுகை. நடுவில் தங்கவேலு, மனைவி சரோஜாவிடம் மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று புளுகுவதும், பிறகு எழுத்தாளர் பைரவன் தான்தான் என்று சொல்லி மாட்டிக்கொண்டு முழிப்பதும். எங்கள் ஊரில் இன்றைக்கும் வேலை இல்லாமல் சுற்றுகிறவனை 'மன்னார் அண்ட் கம்பெனி' என்றுதான் சொல்வோம். ஆனால் அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம். நான் போட்டு வைத்திருக்கிறேன். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு அம்மா மட்டும் டிக்கெட் கவுண்டரில் வந்து சண்டை போட்டார், "பைரவன் வராத படத்துக்கு எதுக்கு முழுக் காசு?" என்று. அவர் கேட்டதும் நியாயம்தான்.

அதே ஸ்ரீதர் ஐந்து வருடம் கழித்து, 1964-ல், 'காதலிக்க நேரமில்லை' எடுத்தார். இந்த முறை சிரிப்பைத் தனி டப்பாவில் வைக்கவில்லை. இது உங்கள் பட்டியலிலும் முதலில் இருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் அதற்கு எழுதிய நான்கு வரியும் நாகேஷைப் பற்றியே இருக்கிறது. அந்தப் படத்தின் முடிச்சு நாகேஷ் இல்லை, பாலையா. சின்னமலை எஸ்டேட் விஸ்வநாதன். அவருக்குப் பணத்தின் மேல் உயிர். அந்த ஒரு குணத்தில்தான் படம் முழுக்கத் தொங்குகிறது. வேலை போன ரவிச்சந்திரன் பணக்காரன் வீட்டுப் பையன் என்று நடிப்பதும், முத்துராமன் தாடி மீசை ஒட்டிக்கொண்டு அவனுக்கு அப்பாவாக வருவதும் பாலையாவின் ஆசையை நம்பித்தான். நாகேஷ் ஓஹோ புரொடக்ஷன்ஸுக்குப் பணம் கேட்டு அலைவதும் அதே பாலையாவிடம்தான். ஒரே மனிதரிடம் எல்லாரும் கறக்கப் பார்க்கிறார்கள். நாகேஷ் பகுதியைத் தனியாக வெட்டி எடுக்கலாம் என்று மேலோட்டமாகத் தோன்றும். வெட்டினால் பாலையாவில் பாதி போய்விடும். அப்புறம் அந்தப் பொய் அப்பாவைக் கண்டு அவர் ஏன் அப்படிக் குழைகிறார் என்பதில் பாதி ருசி போய்விடும்.

அந்தப் பேய்க் கதை சொல்லும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாகேஷ் சொல்கிற கதையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வாயாலேயே காற்று, கதவு, காலடி என்று சத்தம் கொடுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிறது. சிரிப்பு கதை சொல்பவனிடம் இல்லை, கேட்பவனிடம் இருக்கிறது. அதனால் கொட்டகையில் என்ன நடக்கும் தெரியுமா? முதலில் அமைதி. இரண்டாயிரம் அடி ஸ்பூல் சுற்றும் 'கடகட' சத்தம் எனக்கே கேட்கும், அவ்வளவு அமைதி. ஜனங்களும் பாலையாவோடு சேர்ந்து பயப்படுவார்கள். பயப்படுகிறோம் என்பது உறைத்ததும் ஒரேயடியாக வெடிக்கும். எத்தனை ஆட்டம் போட்டாலும் அதே இடத்தில் அமைதி, அதே இடத்தில் வெடி. இந்தக் கதை தெலுங்குக்கும் இந்திக்கும் போனது. இந்தியில் மெஹமூதும் ஓம் பிரகாஷும் அதே இடத்தைச் செய்திருக்கிறார்கள். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் எனக்குப் பாலையாதான். எங்கள் பக்கத்து ஆழியாறில் எடுத்த படம் என்ற ஊர்ப்பாசமும் இருக்கும், மறைக்கவில்லை.

வாங்கியதும் கொடுத்ததும் நம்மிடம் நிறைய உண்டு. 1960-ல் வந்த 'அடுத்த வீட்டுப் பெண்' உங்கள் பட்டியலில் இல்லை. பாடத் தெரியாத ராமச்சந்திரன் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் நண்பன் குரலுக்கு வாயசைத்து அடுத்த வீட்டு அஞ்சலிதேவியை மயக்கப் பார்க்கும் கதை. வங்காளத்தில் பிறந்து, தெலுங்கு வழியாக நமக்கு வந்தது. 1968-ல் இந்தியில் 'படோசன்' ஆனதும் அதே கதைதான். 'படோசன்' என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. நம்முடையது நமக்கே தெரியவில்லை.

1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வையும் விட்டுவிட்டீர்கள். சிவாஜி நாயகன், ஆனால் படத்தை எடுத்துக்கொண்டு போனவர் இரட்டை வேடத்தில் வந்த சந்திரபாபு. அதன் சாயலில் 1996-ல் வந்த 'உள்ளத்தை அள்ளித்தா' மட்டும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. பேரன் இருக்கிறான், தாத்தாவைக் காணோம்.

பாலசந்தரின் 'பாமா விஜயம்' பற்றி ஒரு வரி. 1967. பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் மூன்று மருமகள்களும் பணக்கார வேஷம் போட ஆரம்பிக்கிறார்கள். மண்சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், அவ்வளவு சத்தமான சிரிப்பை வேறு எந்தப் படத்துக்கும் நான் கேட்டதில்லை. அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் புரிந்தது.

1981-ல் வந்த 'தில்லு முல்லு'வை இந்திக்காரர்கள் 'கோல்மால்' என்று இரண்டு வருடம் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் விசுவின் வசனமும் தேங்காய் சீனிவாசனும் அதில் இல்லையே. மீசையில்தான் மனிதனின் யோக்கியதை இருக்கிறது என்று நம்பும் முதலாளி. மீசை வைத்த ரஜினி ஒருவன், மீசை இல்லாத ரஜினி இன்னொருவன். பொய்க்கு ஒரு தம்பி, தம்பிக்கு ஒரு அம்மா, அந்த அம்மாவாக நடிக்க ஒரு சௌகார் ஜானகி. ஒரு பொய் அடுத்த பொய்யைப் பெற்றுப் போட்டுக்கொண்டே போகிறது. இதில் எந்த அடியை வெட்டுவீர்கள்? அதற்கு அடுத்த வருடம் வந்த விசுவின் 'மணல் கயிறு'ம் அப்படித்தான். எட்டு நிபந்தனையில் ஒன்றைக் கூட வெட்ட முடியாது, வெட்டினால் ஏழாகிவிடும்.

1985-ல் பாண்டியராஜனின் 'ஆண்பாவம்'. இதில் எனக்குச் சொந்தப் பாசம் ஒன்று உண்டு. வி.கே. ராமசாமி கிராமத்தில் சினிமாக் கொட்டகை திறப்பதில்தான் படமே ஆரம்பிக்கிறது. எங்கள் தொழிலைத் திரையில் பார்த்து நானும் ரீல் சுற்றும் பையனும் கேபினில் சிரித்த சிரிப்பில், கார்பனை நெருக்க மறந்து திரை மங்கிவிட்டது. கீழே இருந்து வந்த வசவும் படத்தில் வந்த வசவும் ஒன்றோடொன்று கலந்தன.

டவுன் தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர். ஒரு ரீல் முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அதைப் பார்த்து அடுத்த மிஷினை ஓட்ட வேண்டும். பத்து நாள் ஓடிய படத்தில் எனக்குப் புள்ளியே தேவைப்படாது. இந்தச் சிரிப்பு முடிந்து அடுத்த சிரிப்பு கிளம்பும்போது கையை வைத்தால் சரியாக இருக்கும். 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காம ராஜன்' மட்டும் என்னை ஏமாற்றியது. அதில் சிரிப்புக்கு நடுவே இடைவெளியே இல்லை. கிரேஸி மோகன் ஒரு வசனத்துக்கு ஜனங்கள் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு வசனத்தை எறிந்துவிடுவார். விட்டுப்போன வசனத்தைக் கேட்கவே மறுபடி டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு.

அந்தப் படத்தில்தான் என் வாழ்க்கையின் பெரிய தவறும் நடந்தது. ஒரு இரவு ஆட்டத்தில் தூக்கக் கலக்கத்தில் இரண்டு ரீலை முன்பின்னாக மாட்டிவிட்டேன். மாட்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. நாலு கமல் இருக்கும் படம், எந்தக் கமல் எப்போது வந்தால் என்ன, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை, ஒரு பள்ளிக்கூடப் பையன் மாடிப்படி ஏறி வந்து கேபின் கதவைத் தட்டினான். "அண்ணா, சாம்பாருக்குள்ள மீன் எப்படி வந்துச்சுன்னே இன்னும் காட்டலையே!" என்றான். படத்தை நிறுத்தி ரீலை மாற்றினேன். மேனேஜர் ஒரு வாரம் பேசவில்லை. அந்தப் பையன் சொன்னதை விட நல்ல விமர்சனத்தை அந்தப் படத்துக்கு நான் எங்கும் படித்ததில்லை.

சரி, இப்போது வம்பான இடத்துக்கு வருகிறேன். கவுண்டமணி. எங்கள் உடுமலை வட்டத்து வல்லகுண்டாபுரத்துக்காரர். அவரைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு சொல் குறைத்துச் சொன்னால் எனக்கு டீக்கடையில் கடன் கிடைக்காது. ஆனாலும் 1989-ன் 'கரகாட்டக்காரன்' நகைச்சுவைப் படம் இல்லை. கங்கை அமரன் எடுத்த காதல் படம், பாட்டுப் படம். வாழைப்பழப் பகுதி ஏ. வீரப்பன் எழுதிய தனிப் பகுதி. என் அளவுகோல்படி அதை எடுத்துவிட்டாலும் ராமராஜனும் கனகாவும் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். அந்தப் படம் ஓடியபோது அந்த இடத்தில் கத்தரி வைக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. வைத்திருந்தால் கொட்டகையைக் கொளுத்தியிருப்பார்கள். என் அளவுகோல் அங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கவுண்டமணிக்கு நீங்கள் இடம் கொடுக்க வேண்டுமானால் 1990-ன் 'நடிகன்' கொடுங்கள். சத்யராஜ் கிழவர் வேஷம் போட்டு மனோரமாவையும் குஷ்புவையும் ஒரே வீட்டில் சமாளிக்கும் படம், அதில் கவுண்டமணி கதைக்கு உள்ளே இருக்கிறார். 'உள்ளத்தை அள்ளித்தா'வும் அப்படித்தான், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கொங்குப் பாஷை என்று வந்துவிட்டதால், 1995-ன் 'சதி லீலாவதி'யை எப்படி மறந்தீர்கள்? கமலும் கோவை சரளாவும் எங்கள் பேச்சை அப்படியே பேசினார்கள். எங்கள் பேச்சு என்றால் அதுவரை சினிமாவில் நாட்டாமைக்கு மட்டும்தான். டாக்டர் ஒருவர் வீட்டுக்காரியிடம் அப்படிப் பேசி மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்தபோது தியேட்டரில் ஒவ்வொருவனும் பக்கத்தில் இருந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

பேத்தி ஒன்று சொன்னாள், அதையும் எழுதிவிடுகிறேன். பழைய படங்களில் கறுப்பு, குண்டு, திக்குவாய் என்று மனிதனின் உடம்பை வைத்துச் சிரிக்கும் இடங்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த வசனங்களுக்குக் கொட்டகை சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். சிரிக்காமல் இருந்தவர்களின் சத்தம் கேபினுக்கு வராது, அதனால் அவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாமல் போனது. அவள் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். எனக்கு முழுசாக நிற்கும் படங்களில் அந்த மாதிரி இடங்கள் குறைவு. அங்கே ஆளை ஆளே கேலி செய்ய வேண்டியதில்லை, அவனுடைய பொய்யும் பேராசையும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

வடிவேலுவை அவளுக்கு முகம் முகமாகத் தெரியும். எந்த முகம் எந்தப் படம் என்று தெரியாது. போனில் நாற்பது விநாடி, நாற்பது விநாடியாகப் பார்த்தவள். டிவியிலும் நாள் முழுக்க சிரிப்புப் பகுதிகளை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் நான் முதலாளிக்குப் பயந்து எதை வெட்டித் தூர வைத்தேனோ, அதை இவர்கள் எடுத்து ஓட்டிவிட்டு மிச்சப் படத்தைத் தூர வைத்துவிட்டார்கள். தனிப் பகுதிக்கு அது நல்ல கதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் 2006-ன் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'யை அவள் அப்படித்தான் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறாள். வெள்ளைக்கொடி தெரியும், அக்காமாலா கப்சி தெரியும். மாமன் நாசர் எதற்காக இந்த அசட்டு ராஜாவை வளர்த்தார் என்பதும் உக்கிரபுத்தன் யார் என்பதும் தெரியாது. சிம்புதேவன் அதை ஒரு முழுக் கதையாகத்தான் கட்டியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து முழுசாகப் போட்டுக் காட்டினேன். "தாத்தா, இதுக்கு ஒரு கதை இருக்கா!" என்றாள்.

கடைசிப் பத்தாண்டுக்கு நீங்கள் கொடுத்த ஐந்தில் 2012-ன் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' சரியான தேர்வு. கிரிக்கெட் ஆடி விழுந்து தலையில் அடிபட்ட மாப்பிள்ளைக்குக் கல்யாணப் பெண்ணையே நினைவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். சொன்னதையே சொல்கிற படத்தில் வெட்டுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பச் சொல்லும்போதும் நண்பர்கள் முகத்தில் பீதி ஒரு படி ஏறியிருக்கும். அந்தப் படி ஒன்றை எடுத்தால் அடுத்ததற்கு ஏற முடியாது. மறுபடியும் பாருங்கள், சிரிப்பு கேட்பவன் முகத்தில்தான் இருக்கிறது, பாலையாவுக்கு இருந்த மாதிரி. இது எங்கள் தியேட்டருக்கு வந்தபோது பிலிம் போய்விட்டது. ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு நான் முதல் முறையாகக் கீழே ஜனங்களோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்த படம் அதுதான். அந்த மாதக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

2021-ன் 'மண்டேலா' உங்கள் வருடக் கணக்குக்கு வெளியே போய்விட்டது. அதற்காக அதை விட்டுவிடாதீர்கள். இரண்டு சாதி, இரண்டு வேட்பாளர், சரிசமமான ஓட்டு. ஊரில் யாரும் மனிதனாகவே மதிக்காத முடிதிருத்துபவர் ஒருவரின் ஒரே ஓட்டில் எல்லாம் நிற்கிறது. யோகி பாபு அதிகம் பேசுவதே இல்லை. கொரோனா காலம், தியேட்டரில் வராமல் நேராக டிவியில் வந்தது. வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தோம். நன்றாகச் சிரித்தோம். ஆனால் ஆறு பேர் சிரிப்பு ஆறு பேர் சிரிப்புதான். அறுநூறு பேர் இருட்டில் ஒன்றாகச் சிரித்தால் கேபின் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பேனர் ஆடும்.

என் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த முறை பட்டியல் போட்டால் இரண்டாகப் போடுங்கள். முழு நகைச்சுவைப் படங்கள் ஒன்று, மறக்க முடியாத நகைச்சுவைப் பகுதிகள் இன்னொன்று. இரண்டாவதில் நாகேஷின் வைத்தி, தருமி, தங்கவேலுவின் பைரவன், வாழைப்பழம் எல்லாவற்றையும் தாராளமாகப் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. 'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர். ராதாவை எதில் போடுவது என்று மட்டும் எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. அழ வேண்டிய படத்தில் அவ்வளவு சிரிப்பு. அவருக்குத் தனியாக ஒரு கட்டம் கட்டிவிடுங்கள்.

என்னிடம் இன்னும் ஒரு பழைய பவுடர் டப்பாவில் 'காதலிக்க நேரமில்லை' பிலிம் துண்டு ஒன்று இருக்கிறது. அறுந்துபோன பிரிண்டை ஒட்டும்போது மிஞ்சியது, பதினாறு பதினேழு கட்டம், ஒரு விநாடி கூட வராது. வெயிலில் பிடித்தால் எல்லாக் கட்டத்திலும் பாலையா பயந்துகொண்டிருப்பார். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் இணைப்பிதழின் மூன்றாம் பக்கத்தில் அவர் படத்துக்குக் கீழே டி.எஸ். துரைராஜ் என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். துரைராஜும் நல்ல நடிகர்தான், ஆனால் அது டி.எஸ். பாலையா. தயவுசெய்து திருத்தம் வெளியிடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவர்,
உடுமலைப்பேட்டை வட்டம்.

(பெயர் போட வேண்டாம். வெட்டிய ரீல்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இன்னும் இருக்கலாம்.)